கிரீன் கார்டில் வரும் 67 வயது அம்மாவுக்குக் காப்பீடு: ஒபாமாகேர் உதவுமா?

டல்லாஸ்வாசி:
என் அம்மா அடுத்த மாதம் கிரீன் கார்டுடன் எங்களோடு தங்க டெக்சாஸுக்கு வருகிறார். வயது 67, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை, கூடவே இரத்த அழுத்தம். இதுவரை சுற்றுலா விசாவில் வந்தபோது எடுத்த பயணக் காப்பீடு ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குச் செல்லாது என்பதால், ஆறு மாத மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் வருவார். ஒபாமாகேர் எனப்படும் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தால் காப்பீடு இல்லாதவர் தொகை வெகுவாகக் குறைந்தது என்கிறார்களே, அதில் இவரைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
உண்டு. இங்கே வேலை பார்த்து வரி கட்டியிராத கிரீன் கார்டுக்காரர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே, அதுவும் பணம் கட்டித்தான், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். அதுவரை சட்டம் ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுக்கலாம். பழைய காலத்தில் என் அப்பாவுக்காக விண்ணப்பித்தபோது, படிவத்தில் 'நீரிழிவு' என்ற கட்டத்தில் டிக் போட்டதுதான் தெரியும், பத்தே நாளில் மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. 2014 ஜனவரி 1 முதல் நோயைக் காட்டி மறுக்கவோ பிரீமியத்தை உயர்த்தவோ முடியாது. வயதுக்காகக் கூட்டலாம் என்றாலும், 21 வயதுக்காரர் கட்டுவதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. குடியேறிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சேர்த்துவிடுங்கள். தவறினால் நவம்பர் 1இல் தொடங்கும் பொதுச் சேர்க்கை வரை காத்திருக்க நேரும்.

வரிக்கணக்கன்:
பிரீமியத்துக்கு அரசு தரும் மானியத்தை நம்பி மனக்கணக்குப் போடாதீர்கள். அம்மாவை உங்கள் வரிப் படிவத்தில் சார்ந்திருப்பவராகக் காட்டினால் உங்கள் குடும்ப வருமானம்தான் கணக்கில் வரும். 2021இல் கூட்டப்பட்ட மானியமும் 2025 முடிவு வரைக்கும் என்றுதான் சட்டத்தில் எழுதப்பட்டது. பிரீமியம் போக டிடக்டபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, உங்கள் மருத்துவர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்பதையும் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

ஹூஸ்டன் தமிழன்:
காப்பீடு இல்லாதவர்கள் 2010இல் சுமார் 4.8 கோடி பேர். 2016இல் சுமார் 2.8 கோடி. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டின் விரிவாக்கத்துக்கு உரியது. ஆனால் 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 40 மாநிலங்கள் ஏற்றன, நம் டெக்சாஸ் ஏற்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் மாலைகளில் தரை துடைக்கும் அமெரிக்கப் பெண்மணிக்கு வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்பதால் சந்தையில் மானியம் இல்லை. உழைக்கும் வயதில் குழந்தை இல்லாதவர் என்பதால் மெடிகெய்டும் இல்லை. சற்றுக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் மானியம் கிடைத்திருக்கும். இந்தக் கோணல் சீர்திருத்தத்தை எழுதியவர்கள் எண்ணியது அன்று, மாநிலம் விரும்பி வைத்துக்கொண்டது என்பதே என் கருத்து.

டல்லாஸ்வாசி:
அனைவருக்கும் நன்றி. அம்மா வந்திறங்கும் நாளிலிருந்து 60 நாளை நாட்காட்டியில் குறித்துவிட்டேன். பாலிசி எடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில்தான் அது நடைமுறைக்கு வருமாம். ஆகவே மாத்திரையை மட்டும் மூன்று மாதத்துக்கு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.