ஹாபிட்டன் கிரீன் டிராகன்: டூர் எடுக்காமல் விடுதிக்கு மட்டும் போக வழி உண்டா?

செங்காந்தள் கேட்டது:
ஜனவரியில் நியூசிலாந்து போகிறோம்; ஆக்லாந்தில் கார் வாடகைக்கு எடுத்து ரோட்டோருவா பயணம். வழியில் மாட்டாமாட்டா ஊர்ப்பக்கம் ஹாபிட்டன், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்குப் போட்ட கிராம செட். படமெல்லாம் மகளுக்குத்தான். மற்றவர்களுக்கு வேண்டியது, அந்த செட்டில் இருக்கும் கிரீன் டிராகன் என்ற மதுவிடுதியில் ஏரியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்காருவது. விடுதிக்கு மட்டும் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். அப்பா மது தொடமாட்டார். எந்த நேரத்துக்கு டிக்கெட் போடலாம்?

பனைநிழல்:
விடுதிக்கு மட்டும் போக முடியாதுங்க. செட் நிற்பது 1,250 ஏக்கர் ஆட்டுப் பண்ணைக்கு நடுவில். கரண்ட் கம்பி, ரோடு, வீடு எதுவும் கண்ணில் படாத இடம் என்பதால்தான் 1998-ல் பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் ஆட்கள் வானத்திலிருந்து தேடி இதைப் பிடித்தார்கள். டூர் கிளம்பும் இடமான ஷயர்ஸ் ரெஸ்ட்டில் காரை விட்டுவிட்டு, அவர்கள் பஸ்ஸில், வழிகாட்டியோடுதான் உள்ளே போகணும். மொத்தம் இரண்டரை மணி நேரம் வரும். பெரியவர்களுக்கு 120 நியூசிலாந்து டாலருக்குக் குறையாது. சின்னக் குழந்தைக்கு இலவசம் என்றாலும் பெயரில் டிக்கெட் போட்டே ஆகணும்.

விடுதி கடைசி நிறுத்தம். அங்கே கிடைப்பது அரை மணி நேரம்தான், அதையும் வரிசையில் நின்றே தொலைப்பவர்கள் அதிகம். ஆலைச் சக்கரத்தைத் தாண்டி இரட்டை வளைவுப் பாலம் ஏறி இறங்கியதும் கூட்டம் மொத்தமும் பாருக்குள் நுழையும். நீங்கள் பிரிந்துகொள்ளுங்கள்: ஒருவர் மட்டும் உள்ளே போகட்டும், மற்றவர்கள் நேராக வெளியே ஏரிப்பக்கப் பெஞ்சைப் பிடிக்கட்டும். யாருக்கு என்ன பானம் என்பதைப் பாலத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு பானம் டிக்கெட்டிலேயே அடக்கம், மண் குவளையில் தருவார்கள். ஜிஞ்சர் பியரில் மது இல்லை, அப்பாவுக்கு அது சரி. ஏல் ஒரு வகை பியர், அதில் மது உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஏமாற்றுவது சைடர்: ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்து வாங்காதீர்கள், அதிலும் மது உண்டு.

சாப்பாட்டுக்குத் தனிக் காசு. அங்கே பேர்போன பை மாட்டிறைச்சியும் ஏலும் போட்டது. ஸ்கோன் (சின்ன பன் மாதிரி) வாங்கினால் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் நேரத்தைச் செலவழிக்காமல் டூருக்கு முன்பே வயிற்றைக் கவனித்துவிடுவது உத்தமம். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோனால் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம்.

வன்னிக்காற்று:
நேரத்தைப் பற்றிச் சொல்லுறன். ஜனவரி அங்கை பள்ளிக்கூட விடுமுறை, கிழமைக் கணக்கிலை முன்னுக்கே புக் பண்ணோணும். அதோடை ஒரு விசயம் கன பேர் யோசிக்கிறேல்லை: டௌரங்கா துறைமுகத்துக்குப் பயணக் கப்பல் வாற நாளிலை பஸ் பஸ்ஸா ஆக்கள் இங்கை வருவினம். கப்பல் அட்டவணை இணையத்திலை கிடக்கு, அதைப் பார்த்திட்டு நாளைத் தெரிவு செய்யுங்கோ. ஆக்லாந்து, ரோட்டோருவா பஸ்ஸுகள் வாறது நடுப்பகலை ஒட்டித்தான். அதாலை ஒண்டில் காலமை முதல் டூர், இல்லாட்டி பின்னேரம் கடைசி டூர்.

நீங்கள் பின்னேரத்தை எடுங்கோ. ஓடுறது 170 கிலோமீற்றர் அளவுதான், ரெண்டு மணித்தியாலம்; ஆனா காலமை ஆக்லாந்து தெற்கு மோட்டர்வேயிலை நெரிசல் பிடிச்சால் டூர் போயிடும், காசும் திரும்பாது. கடைசி ரோட்டு ஒடுக்கம், வளைவு கூட. ஜனவரியிலை இரவு எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ரோட்டோருவாவுக்கு இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம்தான். கார் ஓட ஆங்கிலத்திலை அச்சடிச்ச இந்திய லைசென்ஸே போதும்.

கல்மண்டபம்:
முழங்கால் விஷயத்தைத்தான் முதலில் யோசிக்கணும். சரளைக் கல் பாதை, ஏற்ற இறக்கம், சில படிகள். மேட்டு உச்சியில் இருக்கும் பேக் எண்ட் வீட்டை (கதையில் பில்போவின் வீடு) நோக்கி ஏறுவதுதான் கடினம். டிக்கெட் போடும்போதே நடை சிரமம் என்று எழுதி, வண்டி உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தொப்பி கட்டாயம்: ஜனவரியில் அங்கே யூவி (புற ஊதாக் கதிர்) அளவு 11-ஐத் தாண்டும், வழியில் நிழலும் குறைவு. மழைக்குக் குடை அவர்களே வைத்திருப்பார்கள்.

பெஞ்சிலிருந்து தெரிவது: நடுவில் ஏரி, எதிரே புல்மேடு, அதில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வட்டக் கதவுகள், உச்சியில் ஓக் மரம். அந்த ஓக் மட்டும் செயற்கை. இரும்புச் சட்டத்தில் சிலிகான் பூசி, தைவானிலிருந்து வந்த இலைகளைக் கோத்தது. ஏரிக்கரையில் நிற்கும் பெரிய பைன் நிஜ மரம். கதவுகளை வேண்டுமென்றே வெவ்வேறு அளவில் செய்திருக்கிறார்கள், நடிகர் ஒரு கதவருகே குள்ளமாகவும் இன்னொன்றருகே உயரமாகவும் தெரியணும் என்று. மகளைச் சின்னக் கதவருகே நிறுத்திப் படமெடுத்தால் ராட்சசி மாதிரி இருப்பாள்.

செங்காந்தள்:
நன்றி. ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் மாலை விருந்து டூர் சரியாக இருக்குமா?

பனைநிழல்:
உட்கார நேரம் கிடைக்கும், ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. விருந்து நடப்பது உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில், ஏரிப்பக்கப் பெஞ்சில் இல்லை. மேசை நிறைய இறைச்சி, சைவம் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். முடிந்ததும் கையில் விளக்கோடு இருட்டில் அதே சரளைப் பாதையில் நடக்க வைப்பார்கள், அம்மாவால் முடியாது. அதற்குப் பதில் ஷயர்ஸ் ரெஸ்ட் கஃபேயில் உட்காருங்கள். டிக்கெட் வேண்டாம், சுற்றிலும் அதே பண்ணை மேடுகள், யாரும் எழுப்பிவிடமாட்டார்கள். அம்மா நடக்கவே முடியாது என்று முடிவானால், அவரும் அப்பாவும் அங்கேயே இருக்கட்டும், நீங்களும் மகளும் மட்டும் டூர் போய் வாருங்கள். 240 டாலரும் மிச்சம்.