கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, பார்மட் செய்தும் சரியாகவில்லை, அவசர உதவி தேவை

கார்முகில் | இரவு 9:12
வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகத் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கிறது. ஆன் செய்து திரை வரவே ஆறேழு நிமிடம் ஆகிறது. குரோமைத் திறந்தால் வெள்ளையாக அப்படியே நிற்கிறது. தட்டச்சு செய்தால் நான் ஒரு வரி அடித்து முடித்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வைரஸாக இருக்கும் என்று நினைத்து நேற்று முழுவதும் உட்கார்ந்து பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். அப்படியும் அதே கதைதான். நாளை மறுநாள் தங்கைக்கு ஆன்லைன் தேர்வு. என்ன செய்தால் வேகமாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

இரவுப்பறவை | இரவு 9:20
டெஸ்க்டாப்பா லேப்டாப்பா? ராம் எவ்வளவு? ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா? எந்த விண்டோஸ்?

நிரலன் | இரவு 9:24
கண்டிப்பாக ராம் பற்றாக்குறைதான் ப்ரோ. 4 ஜிபி வைத்துக்கொண்டு இன்றைய விண்டோஸையும் குரோமையும் ஓட்டவே முடியாது. ராம் நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலில் எழுதி எழுதிப் படிக்கும், அதனால்தான் திரை உறைந்து நிற்கிறது. இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே அளவில் இரண்டு துண்டுகள் போடுங்கள். டூயல் சேனலில் ஓடும், அதாவது இரண்டு துண்டுகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கணியன் | இரவு 9:31
மாடல் இல்லை, ராம் இல்லை, டிஸ்க் விவரம் இல்லை. "ஸ்லோ" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யார் என்ன சொல்ல முடியும்? மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு, அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். சரி, எப்படியும் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற டிஸ்க்கூட, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூறு தடவை அளவில்தான் தேடிப் படிக்கும். சுற்றும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் தடவை செய்யும். எஸ்எஸ்டி போடுங்கள், வேலை முடிந்தது.

கார்முகில் | இரவு 9:40
எஸ்எஸ்டி போன வருடமே போட்டுவிட்டேன். ராம் 8 ஜிபி. விண்டோஸ் 11. சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

நிரலன் | இரவு 9:43
அப்படியானால் விண்டோஸ் 11தான் பிரச்சினை. 10க்குத் திரும்பிவிடுங்கள்.

இரவுப்பறவை | இரவு 9:47
வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்வுக்கு முந்தைய நாள் இன்னொரு தடவை பார்மட் செய்வதும் நல்ல யோசனை இல்லை. ஏற்கெனவே ஒரு நாள் அதில் போயிருக்கிறது.
கார்முகில், போன வாரம் எதையாவது மாற்றினீர்களா? முதல் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

பழைய_திருகாணி | இரவு 9:52
தம்பி, உள்ளே தூசி அடைத்திருக்கும். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் துடுப்புகளுக்கு நடுவில் கம்பளி மாதிரிப் படிந்து காற்றை அடைத்துவிடும். பிராசசர் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் கழற்றிப் பார்த்த மெதுவான மெஷின்களில் பாதிக்கு இதுதான் காரணம். கழற்றி மெல்லிய பிரஷால் துடையுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பிராசசர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தால் புதிதாகத் தடவுங்கள். ஃபேன் சத்தம் எப்படி இருக்கிறது?

வேகராஜா | இரவு 9:55
விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பற்றி யாரும் பேசவில்லையே! நல்ல ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள். என் மெஷினில் 1,400 பிழைகளைக் கண்டுபிடித்துச் சரி செய்தது. அப்புறம் பறந்தது.

கணியன் | இரவு 9:58
தயவுசெய்து இந்தத் தவறான தகவலைப் பரப்பாதீர்கள். நேற்றுதான் பார்மட் செய்திருக்கிறார், ரெஜிஸ்ட்ரி பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதில் என்ன குப்பை இருக்கும்? அப்படியே ஆயிரம் பழைய பதிவுகள் கிடந்தாலும் விண்டோஸ் அவற்றைத் தேடிப் போவதே இல்லை. லட்சக்கணக்கான பதிவுகளில் ஆயிரத்தை நீக்கினால் வேகம் கூடாது. தப்பான ஒன்றை நீக்கினால் ஏதாவது ஒரு மென்பொருள் திறக்காமல் போகும், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

வேகராஜா | இரவு 10:03
என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புத்தகத்தில் படித்ததை வைத்து மறுக்காதீர்கள்.

இரவுப்பறவை | இரவு 10:08
வேகராஜா, அதை ஓட்டி முடித்ததும் மெஷின் ரீஸ்டார்ட் ஆனதா? ஆகியிருந்தால் வேகம் வந்தது அதனால்தான் இருக்கும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்துப் போடும். தினமும் அணைப்பவர்களுக்கும் டாஸ்க் மேனேஜரில் அப்டைம், அதாவது தொடர்ந்து ஓடிய நேரம், பத்து நாள், பதினைந்து நாள் என்று காட்டுவது அதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

வேகராஜா | இரவு 10:12
ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். இருந்தாலும் கிளீனர்தான் காரணம் என்பது என் கருத்து.

கணியன் | இரவு 10:14
கருத்து வேறு, காரணம் வேறு.

கார்முகில் | இரவு 10:21
பழைய_திருகாணி அண்ணா, ஃபேன் சத்தமே கேட்கவில்லை. முன்பு மடியில் வைத்தால் சுடும், இப்போது அடிப்பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கிறது. மாற்றியது என்று எதுவும் இல்லை.

இரவுப்பறவை | இரவு 10:22
மடியிலா? அப்படியானால் லேப்டாப். இதைத்தான் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முல்லை | இரவு 10:30
நான் லேப்டாப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். குளிர்ச்சியாக இருந்துகொண்டு மெதுவாக ஓடுகிறது என்று சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான தகவல். சூட்டால் வேகம் குறைந்தால் ஃபேன் அலறும். இங்கே பிராசசர் வேலையே செய்யாமல் இருக்கிறது.

கார்முகில், எதையும் கழற்ற வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், அதற்குள் சிபியு. வரைபடத்துக்குக் கீழே ஸ்பீட் என்று பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். வலப்பக்கம் பேஸ் ஸ்பீட் என்று இன்னொன்று இருக்கும், அது பிராசசரின் அடிப்படை வேகம். இரண்டையும் அப்படியே எழுதுங்கள். குரோமில் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது பார்க்க வேண்டாம்.

கார்முகில் | இரவு 10:41
ஸ்பீட் 0.39 ஜிகாஹெர்ட்ஸ். பேஸ் ஸ்பீட் 1.80. வீடியோ ஓடும்போதும் 0.39தான், அசையவே இல்லை. சிபியு 100 சதவீதம் காட்டுகிறது.

முல்லை | இரவு 10:44
நினைத்தேன். சார்ஜர் செருகியிருக்கிறதா? பேட்டரி ஏறுகிறதா? ஆன் செய்யும்போது விண்டோஸ் வருவதற்கு முன் ஏதாவது செய்தி வருகிறதா?

கார்முகில் | இரவு 10:52
எப்போதும் செருகித்தான் இருக்கும். பேட்டரி 34 சதவீதத்திலேயே நிற்கிறது, ஏறவில்லை. பழைய பேட்டரிதானே என்று விட்டுவிட்டேன். ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் அடாப்டர் பற்றி ஏதோ இரண்டு வரி வரும், எஃப்1 தட்டினால் போய்விடும். பழைய சார்ஜரின் வயர் அறுந்துவிட்டது, அதனால் போன வாரம் வேறு சார்ஜர் வாங்கினேன். அதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

முல்லை | இரவு 10:59
எல்லா சம்பந்தமும் இருக்கிறது. இப்போதே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது அந்த ஸ்பீட் எண்ணைப் பாருங்கள்.

கார்முகில் | இரவு 11:03
பிடுங்கினேன். ஐந்தாறு நொடி 0.39 என்று இருந்தது. அப்புறம் 1.1, 2.4, இப்போது 3.1. குரோம் உடனே திறந்தது! மறுபடி செருகினேன், மறுபடியும் 0.39க்கு இறங்கிவிட்டது. ஒன்றும் புரியவில்லை.

முல்லை | இரவு 11:15
உங்கள் சார்ஜர் முனையின் உள்ளே எட்டிப் பாருங்கள். வட்டமான குழாய், நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய பின். சில நிறுவனங்களின் லேப்டாப்பில் அந்தப் பின் மின்சாரம் கொடுப்பதற்கு இல்லை. "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்குத்தான் அது இருக்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால், வந்திருப்பது 30 வாட்டா 65 வாட்டா என்று லேப்டாப்புக்குத் தெரியாது. அதிகமாக இழுத்தால் அடாப்டர் சூடாகி எரிந்துவிடக் கூடாதே என்று பேட்டரி ஏற்றுவதை நிறுத்தும், பிராசசரையும் மிகக் கீழான வேகத்தில் கட்டிப்போடும். கறுப்புத் திரையில் வந்த இரண்டு வரியும் இதைத்தான் சொல்லியிருக்கும். இது பயாஸ் மட்டத்தில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் மென்பொருளில் நடக்கிறது, விண்டோஸைப் பத்து தடவை புதிதாகப் போட்டாலும் மாறாது.

நீங்கள் வாங்கியதில் அந்தத் தகவல் கொடுக்கும் சிப் இல்லாமல் இருக்கலாம், வாட் குறைவாக இருக்கலாம், பின் வளைந்திருக்கலாம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். சார்ஜரில் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. இதே மாடல் வைத்திருப்பவர் யாரிடமாவது அவருடைய சார்ஜரை வாங்கி ஐந்து நிமிடம் செருகிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கணியன் | இரவு 11:22
இதற்கு சார்ஜர் மாற்றத் தேவையில்லை. த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் பிடி பிராக்காட் என்ற டிக்கை எடுத்துவிட்டால் வேகம் வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

முல்லை | இரவு 11:29
வரும், மறுக்கவில்லை. ஆனால் பிராசசரை அடக்கு என்று போர்டின் மற்ற பாகங்கள் அனுப்புகிற எச்சரிக்கையையே அது கேட்காமல் செய்துவிடும். சென்சார் கெட்டுப் பொய்யான எச்சரிக்கை வருகிறது என்று உறுதியானால் நானே அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். இங்கே எச்சரிக்கை உண்மையாக இருக்கலாம். உருகிய சார்ஜர் முனைகளை நிறையப் பார்த்துவிட்டேன், இந்த வீட்டில் தேர்வு எழுதப்போகும் ஒரு பெண் இருக்கிறாள். அடாப்டர் எத்தனை வாட் என்று தெரியாமல் தயவுசெய்து அந்த வழியைச் சொல்லாதீர்கள்.

கணியன் | இரவு 11:34
தற்காலிகத்துக்குச் சொன்னேன். அடாப்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

பழைய_திருகாணி | இரவு 11:40
நானும் ஒன்று கற்றுக்கொண்டேன் அம்மா. டெஸ்க்டாப்பிலேயே இருந்துவிட்டதால் அந்த நடுப் பின்னைப் பற்றித் தெரியாது. தம்பி, தூசியும் ஒரு நாள் துடைத்துவிடு, அவசரம் இல்லை.

வேகராஜா | காலை 7:05
கிளீனரையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

இரவுப்பறவை | காலை 8:10
கார்முகில், என்ன ஆயிற்று?

இரவுப்பறவை | மாலை 6:30
நாளைக்குத் தேர்வு என்றீர்களே, சார்ஜர் கிடைத்ததா?

கார்முகில் | மறுநாள், பகல் 1:48
நண்பனின் 65 வாட் சார்ஜரைப் போட்டேன். கறுப்புத் திரைச் செய்தி வரவில்லை, பேட்டரி ஏறுகிறது, ஸ்பீட் 3க்கு மேல். நான் வாங்கியது 45 வாட். தங்கை தேர்வு எழுதி முடித்துவிட்டாள். முல்லை அக்காவுக்கு நன்றி.

தென்றல்_01 | மறுநாள், மாலை 4:15
எனக்கும் இதே பிரச்சினைதான், கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. நானும் சார்ஜர் மாற்ற வேண்டுமா?

முல்லை | மறுநாள், மாலை 4:32
தனி இழை தொடங்குங்கள். டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு ஸ்பீட், மெமரி, டிஸ்க் மூன்றிலும் என்ன எண் காட்டுகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அங்கே வருகிறேன்.