தம்பி ஃபுட்பாலில் ஸ்டாப்பர் பேக், ஃபார்வர்டாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

வள்ளவிளை அக்கா:
என் தம்பிக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே ஸ்டாப்பர் பேக்தான், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற டிஃபென்டர். இடது கால்காரன், இப்போதே ஆறடி இருப்பான். அப்பா கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கலுக்குப் போனால் கரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் அவன் விஷயத்தில் முடிவெடுப்பது பெரும்பாலும் நானும் அம்மாவும்தான். இப்போது ஊரில் மூத்த பையன்கள் சிலர் அவனை ஃபார்வர்டாக ஆடச் சொல்லி நெருக்குகிறார்கள். செலக்‌ஷனுக்குப் போனால் கொஞ்ச நேரம்தான் ஆட விடுவார்கள், அதில் கோல் அடிக்கிறவன்தான் கண்ணில் படுவான், பின்னால் நின்று பந்தை வெட்டி விடுகிறவனை யார் கவனிப்பார்கள் என்கிறார்கள். நம்ம கடற்கரையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரை போன மைக்கேல் சூசைராஜ், ரொமாரியோ ஜேசுராஜ் இரண்டு பேருமே முன்னால் ஆடுகிறவர்கள்தானே என்றும் சொல்கிறார்கள். பெருநாள் டோர்னமென்ட்டுகளிலும் அப்படித்தான், பேரும் பரிசும் கோல் அடித்தவனுக்கு.

அவனுக்கு மாற மனதில்லை. நான் கேட்பது இதுதான்: டிஃபென்டராகவே இருந்தால் எதுவரை போகலாம், எத்தனை வயது வரை ஆடலாம், அதற்கு அப்புறம் என்ன? ஆடியவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு மஞ்சள் ஜெர்சி:
அக்கா, மாற்றவே வேண்டாம். பேக்காக ஆடுகிறவர்களின் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் நீண்ட காலம் நிற்கும். அனஸ் எடத்தொடிகாவை எடுத்துக்கொள்ளுங்கள், மலப்புறத்துக்காரர், ஸ்டாப்பர். வீட்டுக் கஷ்டத்துக்கு இளம் வயதில் ஆட்டோ ஓட்டியவர். மும்பை எஃப்சி, புனே எஃப்சி என்று அப்போதைய தேசிய லீகான ஐ லீகில் வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தார், அப்போது வெளியில் பெரிய பேர் கிடையாது. இந்தியாவுக்கு முதல் ஆட்டம் 2017 மார்ச்சில், கம்போடியாவுக்கு எதிராக. அப்போது வயது 30! அதே வருடம், கிளப்புகள் முறைவைத்து வீரர்களை எடுக்கிற ஐஎஸ்எல் டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் அவரைத்தான் முதல் ஆளாக எடுத்தது, 1.10 கோடி ரூபாய்க்கு. முப்பது வயதில் ஒரு ஃபார்வர்டுக்கு இப்படிக் கதவு திறப்பது அபூர்வம். வேகம் குறைந்தால் ஓரத்தில் ஓடி ஆடுகிற விங்கரை உட்கார வைத்துவிடுவார்கள், ஸ்டாப்பருக்கு எங்கே நிற்க வேண்டும் என்கிற அறிவு வயதோடு கூடும்.

அப்புறம் நம்ம ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன். நான் அவர் ஆடிய கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டிகர் பையன், ஆரம்பித்தது இரண்டாம் டிவிஷனில் யுனைடெட் சிக்கிமில். 2014ல் கொச்சிக்கு வந்தபோது வயது 21, அந்த முதல் சீசனிலேயே லீகின் சிறந்த வளரும் வீரர் விருது ஒரு டிஃபென்டருக்குப் போனது. 2015ல் நேபாளத்துக்கு எதிராக இந்திய அணியில் அறிமுகம். 2018ல் சீனாவில் போய் 0-0 டிரா செய்த ஆட்டத்தில் அவர்தான் கேப்டன். 2019 செப்டம்பரில் தோஹாவில் கத்தாரை, அதுவும் அப்போதைய ஆசிய சாம்பியனை, 0-0 என்று நிறுத்திய ஆட்டத்தை யூடியூபில் தேடி உங்கள் தம்பிக்குப் போட்டுக் காட்டுங்கள். கேப்டன் சேத்ரி இல்லாத ஆட்டம் அது. கோல்கீப்பர் குர்பிரீத், அவருக்கு முன்னால் ஜிங்கனும் ஆதில் கானும். கோலே விழாத அந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறோம் என்றால் காரணம் பின்னால் நின்றவர்கள்தான். 2020ல் அர்ஜுனா விருது வாங்கினார்.

பழைய நாலாம் நம்பர்:
மேலே மஞ்சள் ஜெர்சி தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் சென்னையில் டிபார்ட்மென்ட் டீமில் பேக்காக ஆடியவன், இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். நடைமுறையில் இருக்கிற சிக்கலையும் சொல்லிவிடுகிறேன்.

ஐஎஸ்எல் தொடங்கிய 2014ல் பதினொரு பேரில் ஆறு பேர் வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம். அதைக் குறைத்துக் குறைத்து 2021ல் நாலு ஆக்கினார்கள். அந்த நாலு இடத்தில் கிளப்காரர்கள் முதலில் வாங்குவது ஸ்ட்ரைக்கரை, அதோடு பெரும்பாலும் ஒரு ஸ்டாப்பரை. ஆக, உங்கள் தம்பியை ஸ்ட்ரைக்கராக மாற்றினால் கூட்டம் இன்னும் அதிகமாக இருக்கும் வரிசையில் போய் நிற்பான். வெளிநாட்டு ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் ஆட ஓர் இந்தியப் பையன் எப்போதும் தேவை, ஓரங்களில் தடுக்கிற சைடு பேக் இரண்டு இடமும் அநேகமாக நம்ம ஆட்களுக்குத்தான். இதில் இடது கால்காரன் என்கிறீர்கள். சகோதரி, பின்னாலிருந்து இடது காலில் சுத்தமாகப் பந்தை முன்னால் கொடுக்கத் தெரிந்த பேக் இந்த நாட்டில் குறைவு. அவனுக்கு உண்மையிலேயே பெரிய சொத்து அதுதான், உயரம்கூட அதற்கு அப்புறம்தான்.

சூசைராஜ் உதாரணத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். சென்னை சிட்டி கிளப்பில் விங்கில் மிரட்டியவரை, கொல்கத்தாவின் ஏடிகே கிளப்புக்குப் போனதும் பயிற்சியாளர் ஹபாஸ் இடது விங் பேக்காக ஆட வைத்தார். மேலேயும் கீழேயும் ஓட வேண்டிய இடம். 2019-20ல் அந்த டீம்தான் ஐஎஸ்எல் கோப்பை வாங்கியது. பின்னால் வேலை செய்யத் தெரிந்ததால் அவருடைய மதிப்பு கூடியதே தவிர, குறையவில்லை.

கோல் ஆசை இருந்தால் கார்னர் கிக்கின்போது எதிரணி கோல் பக்கம் போகட்டும். ராகுல் பெக்கே டிஃபென்டர்தான். 2019 ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில் 117வது நிமிடத்தில் கார்னரில் தலையால் முட்டி பெங்களூருவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதற்கு அப்புறம்தான், 28 வயதில், இந்திய அணிக்கே வந்தார். 2022ல் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் மும்பை சிட்டி ஈராக் விமானப்படை அணியை 2-1 என்று ஜெயித்ததும் அவருடைய தலையடியில்தான். அந்தப் போட்டியில் ஓர் இந்திய கிளப்புக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. எங்கள் சென்னை சிட்டி கோயம்புத்தூரில் கடைசி ஆட்டத்தை 3-1 என்று ஜெயித்து 2018-19 ஐ லீக் பட்டம் வாங்கியபோதும் இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா என்கிற டிஃபென்டர்.

இரணியல் வாசகர்:
மாற்றவே கூடாது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாமே. ஜர்னைல் சிங் மோகன் பகானின் ஸ்டாப்பர், இந்தியாவில் அவரைவிடப் பெரிய ஸ்டாப்பர் இருந்ததில்லை என்பார்கள். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டதும் பயிற்சியாளர் ரஹீம் சாகிப் அவரை முன்னால் கொண்டுபோய் ஆடவிட்டார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக கோல் அடித்தார், 2-1 என்று தங்கம். முன்னால் ஆடிப் பழகுகிற பேக்குக்கு ஃபார்வர்ட் மனதில் என்ன ஓடுகிறது என்று புரியும். ஏழு பேர் ஆடுகிற ஊர் செவன்ஸில் முன்னால் ஆடட்டும், பதினொரு பேர் ஆடுகிற லெவன்ஸில் அவன் இடத்துக்கே வரட்டும்.

வள்ளவிளை அக்கா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பியிடம் படித்துக் காட்டினேன், கத்தார் ஆட்டத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டான். இன்னொரு விஷயம். ஒருவர் போன் செய்து, வெளிமாநிலத்தில் பெரிய கிளப் டிரையல் இருக்கிறது, இடம் உறுதி, லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்கிறார். அம்மா நகையை வைக்கலாமா என்று கேட்கிறார். காலில் அடிபட்டால் எல்லாமே போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

குளச்சல் பிடி மாஸ்டர்:
பணம் கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு கிளப்புக்குப் பையன் உண்மையிலேயே வேண்டும் என்றால் கிளப்தான் அவனுக்குச் செலவு செய்யும். இடம் உறுதி என்று சொல்லிப் பணம் கேட்கிறவரிடம் கிளப்பின் கடிதத்தைக் கேளுங்கள், அந்தக் கிளப்பின் அலுவலகத்துக்கே நேராகப் பேசி விசாரியுங்கள். இப்படி ஏமாந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், பணத்தைவிட அவர்கள் மனது உடைந்துபோவதுதான் எனக்குத் தாங்காது.

அடிபடுவது பற்றிய பயம் நியாயமானது. ஜிங்கன் 2019 அக்டோபரில் முழங்காலில் அடிபட்டு ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தார். 2021ல் குரோஷியாவின் ஷிபெனிக் கிளப்புக்குப் போனவர் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். 2024 ஆசியக் கோப்பையில் சிரியா ஆட்டத்தில் மறுபடியும் முழங்கால். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தார், ஆனால் அவருக்கு டாக்டரும் ஃபிசியோவும் கிளப் சம்பளமும் இருந்தன. சூசைராஜும் 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், நீண்ட காலம் வெளியே இருந்தார். அனஸ் 2019ல் பஹ்ரைன் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயத்தோடு வெளியேறி, அடுத்த நாளே தேசிய அணியிலிருந்து ஓய்வை அறிவித்தார். சில மாதங்களில் பயிற்சியாளர் கூப்பிட்டுத் திரும்பி வந்தார் என்றாலும், அந்த ஒரு நாளில் எல்லாம் மாறிவிடக்கூடிய தொழில் இது. கிளப்புகளுக்கே நிலையில்லை, 2025ல் லீக் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் பல கிளப்புகள் வேலையையே நிறுத்தி வைத்தன.

அதனால் படிப்பை விடாதீர்கள். ஃபுட்பாலுக்கு இடம் கொடுக்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள், பல்கலைக்கழக அணி, மாநில அணி, மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராபி என்று ஏறட்டும். அந்தச் சான்றிதழ்கள்தான் பிற்பாடு ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் பேசும். இந்தியக் கேப்டனாக இருந்த வி.பி. சத்யனும் டிஃபென்டர்தான், கேரள போலீஸிலும் அப்புறம் சென்னை இந்தியன் வங்கியிலும் வேலையோடுதான் ஆடினார். ஐஎஸ்எல் கிளப்புகளின் இளையோர் அணிகள் ஆடுகிற டெவலப்மென்ட் லீக் 2022லிருந்து நடக்கிறது, அங்கே பையன்கள் முழு ஆட்டம் ஆடுகிறார்கள், பேக்காக இருப்பவனுக்கு அதுதான் நல்ல வாய்ப்பு. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அதில்தான் பல பேர் மாட்டுகிறார்கள். அவன் ஆடுகிற முழு ஆட்டங்களையும் போனில் எடுத்து வையுங்கள், வெறும் கோல் துண்டுகள் வேண்டாம். ஒரு பேக் நன்றாக நிற்கிறானா என்பது தொண்ணூறு நிமிடமும் பார்த்தால்தான் தெரியும்.

வள்ளவிளை அக்கா:
அந்த ஆளிடம் கடிதம் கேட்டேன் மாஸ்டர், அதற்கு அப்புறம் போனை எடுக்கவில்லை. நாலாம் நம்பர் அண்ணா, இடது கால்தான் சொத்து என்றீர்களே, அப்படியென்றால் எதில் பயிற்சி எடுக்க வேண்டும்?

பழைய நாலாம் நம்பர்:
தினமும் நாற்பது அடி தூரத்துக்கு இடது காலில் நேர் பாஸ், தரையோடு. வலது காலை வெறும் துணைக்கு என்று விட்டுவிடக் கூடாது, அதிலும் வருகிற பந்தை அடக்குகிற முதல் டச் வர வேண்டும். மணலில் ஓடிக் காலுக்கு பலம் ஏற்றுவது நல்லது, ஆனால் பாஸ் பயிற்சி புல் தரையில்தான். வாரத்தில் ஓர் ஆட்டமாவது இடது சைடு பேக்காக ஆடிப் பழகட்டும், ஸ்டாப்பர் இடம் இல்லை என்கிற டீமிலும் அப்போது அவனுக்கு ஓர் இடம் இருக்கும்.