இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு மெமரி லாக் செய்தும் நிரல் உறைந்துபோவது ஏன்?

கேள்வி – அம்பத்தூர்வாசி

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் எடைமேடையிலிருந்து சீரியல் போர்ட் வழியாக வரும் எடைகளைப் பதிவு செய்யும் பழைய டாஸ் நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். டிஜேஜிபிபி கம்பைலரில் (ஜிசிசியின் டாஸ் வடிவம்), சி மொழியில் எழுதப்பட்டது. கணினியில் 8 எம்பி ராம்தான். போர்ட்டில் பைட் வந்ததும் நடப்பு வேலையை இடைநிறுத்தி ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர், ஒவ்வொரு பைட்டையும் மாலாக் (malloc) மூலம் கேட்டுப் பெற்ற 16384 பைட் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) போடுகிறது. ஹேண்ட்லரின் கோட் பகுதியையும் பஃபரையும், வட்டுக்குப் போகாமல் ராமிலேயே இருக்கும்படி லாக் செய்திருக்கிறேன். பஃபரின் அளவை சைஸ்ஆஃப் (sizeof) கொண்டு எடுத்தேன். காலையெல்லாம் ஒழுங்காக ஓடும் நிரல், மாலையில் பெரிய அறிக்கையைத் தயாரிக்கும்போது உறைந்துவிடுகிறது. ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிய ராமைச் சேர்த்து 32 எம்பி ஆக்கியபின் ஒரு வாரமாகத் தொல்லை இல்லை. பழைய ராம்தான் பழுதா?

பதில் – பழைய டாஸ்காரன்

ராம் மீது பழி வேண்டாம். 8 எம்பியில் அறிக்கைக்கு இடம் போதாமல், டிஜேஜிபிபி நிரல்களுக்கு மெமரியை நிர்வகிக்கும் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ (CWSDPMI), மெமரியின் சில பக்கங்களை, அதாவது துண்டுகளை, வட்டுக்கு அனுப்புகிறது. அப்படிப் போன பக்கத்தை ஹேண்ட்லர் தொட்டதும், பக்கம் ராமில் இல்லை என்ற பேஜ் ஃபால்ட் ஏற்படும். அந்தப் பக்கத்தை வட்டிலிருந்து மீட்க டாஸை அழைத்தாக வேண்டும். டாஸோ ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது இன்னோர் அழைப்பைத் தாங்காது. 32 எம்பியில் வட்டுக்குப் போகவே தேவை வரவில்லை, அவ்வளவுதான். பிழை அங்கேயே இருக்கிறது.

உங்கள் பஃபர் மாறி, இடத்தின் முகவரியை மட்டும் வைத்திருக்கும் வெறும் பாயிண்டர் என்பதால் சைஸ்ஆஃப் தருவது 4. லாக் 4096 பைட் பக்கக் கணக்கில் நடப்பதால், அந்த 4 பைட் உள்ள பக்கம் தப்பித்தது. பஃபரின் எஞ்சிய பகுதி திறந்தே கிடக்கிறது. அளவை 16384 என்று நேராகக் கொடுங்கள். பாயிண்டர் மாறியையும், பஃபரில் எழுதும், படிக்கும் இடங்களைக் குறிக்கும் தலை, வால் எண்களையும் தனித்தனியே லாக் செய்ய மறக்காதீர்கள்.

பதில் – கிண்டி நிரலர்

கோட் பகுதியின் லாக்கையும் ஒருமுறை பாருங்கள். ஹேண்ட்லருக்கு அடுத்து ஒரு வெற்று ஃபங்ஷனை வைத்து, இரண்டின் முகவரி வித்தியாசத்தை அளவாக எடுத்திருந்தால், ஆப்டிமைஸ் செய்யும்போது ஜிசிசி அவற்றின் வரிசையை மாற்றிவிடக்கூடும். ஹேண்ட்லர் அழைக்கும் ஃபங்ஷன்களுக்கும் லாக் வேண்டும். தொடக்கத்திலேயே மெமரி முழுவதையும் லாக் செய்யும் ஃப்ளாக் ஒன்று உண்டு. 8 எம்பியில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அம்பத்தூர்வாசி

மிக்க நன்றி. சைஸ்ஆஃப்தான் காரணம். வெட்கத்துடன் இன்னொன்றும் சொல்கிறேன்: லாக் செய்யும் வரிகள், ஹேண்ட்லரை நிறுவும் வரிக்குக் கீழே இருந்தன, மேலே ஏற்றிவிட்டேன். பழையபடி 8 எம்பியில், எடைமேடையில் லாரி நிற்கும்போதே மூன்று முறை அறிக்கை எடுத்தேன். மூன்றும் முழுமையாக வந்தன.