‘ஸ்ட்ரெயிட் மேன்’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வா. (சென்னை):

குழுவினருக்கு வணக்கம். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குத் திரை நகைச்சுவை பற்றி ஒரு தாள் எடுக்கிறேன். பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சிட்காம்’, ‘ஸ்லாப்ஸ்டிக்’ எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடி ஒருவழியாகக் கரையேற்றிவிட்டேன். ‘ஸ்ட்ரெயிட் மேன்’ மட்டும் பாக்கி. ஜோடியில் ஒருவர் கோணங்கித்தனம் செய்ய, மற்றவர் சிரிக்காமல் எதிரே நின்று அதைச் சிரிப்பாக்கிக் கொடுப்பாரே, அவர். பழைய குறிப்பில் யாரோ ‘நேர்மனிதன்’ என்று போட்டிருந்தார்கள். போன பருவத் தேர்வில் ஒரு மாணவர், ‘நேர்மனிதன் என்பவன் லஞ்சம் வாங்காதவன்’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தார். பாதி மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய?

சொல் பெண்பாலுக்கும் பொருந்த வேண்டும். பழைய ஹாலிவுட் நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களின் ஏழு படங்களில், அவர்களில் ஒருவரான கிரௌச்சோவின் கிண்டலை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவர் நடிகை மார்கரெட் டூமாண்ட்.

க. (மதுரை):

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் பாருங்கள். கன்னம் உப்ப, மூச்சு அறாமல், ஒரே சுரம். பக்கத்தில் இருப்பவர் எங்கெங்கோ ஓடித் திரும்புவார், ஒத்து அசையாது. அது அசைந்தால் இவர் ஓடியதே தெரியாது. ஆகவே ‘ஒத்தாள்’. ஒத்து, ஒத்தடம், ஒற்றன் எல்லாம் ஒரே வேர். எதிராளியை மெல்ல ஒற்றி எடுப்பவன் என்ற நயமும் கிடைக்கிறது.

மு. (தஞ்சாவூர்):

ஐயா, ‘ஒத்து’ என்பது ‘ஒ’ என்னும் வினையடியிலிருந்து வருவது. ‘ஒத்தடம்’ ஒற்றடத்தின் பேச்சு வழக்கு. அதுவும் ஒற்றனும் ‘ஒற்று’ வழி வந்தவை. இரண்டையும் ஒரே வீட்டில் குடி வைக்காதீர்கள். தவிர, ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் இன்றைக்கு ஜால்ரா என்றுதான் பொருள். ஒத்தே இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி ஆகிவிட்டது.

த. (சென்னை):

இன்னொன்று. சென்னையில் வகுப்பெடுக்கும் யாரும் ‘ஒத்தா’ என்று தொடங்கும் சொல்லைக் கரும்பலகையில் எழுத மாட்டார்கள். ள் எழுதுவதற்குள் வகுப்பு கையை விட்டுப் போய்விடும். க. ஐயா மன்னிக்க, விளக்கம் கேட்க வேண்டாம்.

க. (மதுரை):

கேட்கவில்லை. திரும்பப் பெறுகிறேன்.

செ. (திருச்சி):

நான் முப்பது வருடமாக மேடையில் இருப்பவன். நாங்கள் ‘லீடு கொடுக்கிறது’ என்போம். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘எடுத்துக்கொடுப்பவர்’. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். பயம் முகத்தில் படிப்படியாக ஏறுகிறது. அந்த முகம் இல்லாவிட்டால் நாகேஷ் தனியாக உட்கார்ந்து சத்தம் போடுகிற ஆள், அவ்வளவுதான்.

மு. (தஞ்சாவூர்):

எடுத்துக்கொடுத்தலுக்கு மரபு உண்டு. சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தன் ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுத்தான். ‘அடியெடுப்பர்’ எனலாமா?

த. (சென்னை):

அப்படியானால் முதல் ஸ்ட்ரெயிட் மேன் நடராசர். பெரியபுராணம் காமெடி டிராக். வா. மேடம், இதை அச்சில் போட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கு. (கோவை):

‘கல்முகர்’ என்று வைத்தால் என்ன? மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனைக் கல்முகன் என்றுதானே சொன்னார்கள்.

வா. (சென்னை):

அது ‘டெட்பேன்’. அது எதற்கும் அசையாத ஒரு முகபாவம், இது ஜோடியில் ஒரு வேலை. கீட்டனின் 1928 படம் ஒன்றில் வீட்டின் முன்சுவர் அப்படியே அவர் மேல் சாயும். திறந்த சன்னல் சரியாக அவர் நிற்கிற இடத்தில் விழுவதால் பிழைப்பார். அங்கே எடுத்துக்கொடுத்தது சுவர்தான், ஆள் இல்லை. செ. சார் சொன்ன பாலையாவையே பாருங்களேன், அவர் முகமா கல்?

ந. (ஒசாகா):

இங்கே மன்சாய் என்று இருவர் நின்று பேசும் கலை உண்டு. உளறுகிறவர் ‘போக்கே’. அவரைத் திருத்துகிறவர் ‘த்சுக்கோமி’. உள்ளே பாய்கிறவர், குத்துகிறவர் என்ற பொருளில் வந்த சொல் அது. அவர் சும்மா நிற்பதில்லை. திட்டுவார், தலையில் ஒரு தட்டும் தட்டுவார். இப்படிப் பார்த்தால் ‘கரகாட்டக்கார’னில் (1989) வாழைப்பழம் வாங்கி வந்த செந்தில்தான் போக்கே. கத்துகிற கவுண்டமணி ஸ்ட்ரெயிட் மேன். நாம் பல வருடமாகத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கணக்குக் கேட்கிற அந்த மனிதர் சொல்வதில் என்ன தவறு? ஒரு பழம் குறைகிறது!

க. (மதுரை):

அடடா. அப்படியானால் வள்ளுவரிடமே போகலாம். ‘இடிக்குந் துணையாரை ஆள்வரை யாரே கெடுக்குந் தகைமை யவர்.’ குறள் 447. தவறு கண்டபோது இடித்துச் சொல்லும் துணை. ‘இடித்துணை’!

மு. (தஞ்சாவூர்):

பொருத்தம்தான். ஆனால் வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. ‘இடிதுணை’ என்பதே சரி. ‘இடித்துணை’ என்றால் இடிக்குத் துணையாக வரும் மின்னல்.

கு. (கோவை):

‘இடிதுணை’ என்று சொன்னால் என் மகள் இடிதாங்கியா என்கிறாள்.

செ. (திருச்சி):

இடிதாங்கி செந்தில் அல்லவா?

ந. (ஒசாகா):

தவிரவும், டூமாண்ட் யாரை இடித்தார்? பாவம், கிரௌச்சோ பேசுவது புரியாத மாதிரி நின்றார். கவுண்டமணிக்குப் பொருந்துவது அவருக்குப் பொருந்தாது.

த. (சென்னை):

‘ஸ்ட்ரெயிட் மேன்’ என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன? பையன்கள் நாள் முழுக்க ‘கவுண்ட்டர் கொடுத்தான்’ என்றுதான் பேசுகிறார்கள். யாருக்கும் புரியாமல் இல்லை.

க. (மதுரை):

தம்பி, புரிவது மட்டும் போதுமென்றால் இந்தக் குழு எதற்கு?

வா. (சென்னை):

எல்லோருக்கும் நன்றி. மணி பதினொன்றரை. ‘எடுத்துக்கொடுப்பவர்’ என்று போட்டுவிட்டேன். நீளம்தான், ஆனால் ஆண், பெண், பாலையா, டூமாண்ட் எல்லோரும் அடங்குகிறார்கள். கவுண்டமணி கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறார், வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன். ‘இடித்துணை’யை அடிக்குறிப்பில் க. ஐயா பரிந்துரை என்று சேர்த்திருக்கிறேன்.

மு. (தஞ்சாவூர்):

அம்மா, அச்சுக்குப் போவதற்குள் அந்தத் த் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.