உதவி தேவை: மேல்நோக்கு நாளில் விதைத்தும் கத்தரி நாற்று சாய்கிறது

கானாடுகாத்தான் கொல்லை:
தீபாவளி அமாவாசை கழிந்த வளர்பிறையில், உத்திராட நட்சத்திரம் கூடிய மேல்நோக்கு நாளாக, அதாவது மண்ணுக்கு மேல் வளர்வதற்கு ஏற்றதென்று சொல்லும் நாளாகப் பார்த்துத்தான் கத்தரியும் முள்ளங்கியும் விதைத்தேன். கத்தரி நன்றாக முளைத்தது. இப்போது தினமும் காலையில் பத்துப் பதினைந்து நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. மாமியார் பல ஆண்டுகளாகக் காத்துத் தந்த விதை என்பதால் மனம் பொறுக்கவில்லை. நாள் கணக்கில் எங்கே பிழைத்தேன் என்று விரைந்து சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தோட்டம்:
ஆச்சி, விதைத்து எத்தனை நாளாயிற்று? பாத்தியா, தொட்டியா? தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நைந்து சுருங்கியிருக்கிறதா, வெட்டினாற்போல் துண்டாகியிருக்கிறதா? துண்டாகியிருந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை.

நாள்காட்டி:
எந்தப் பஞ்சாங்கம் என்று நீங்கள் சொல்லவில்லையே? பழைய சூத்திரங்களின்படி கணிக்கும் வாக்கியத்திலும், இக்கால வானியல் கணக்கில் வரும் திருக்கணிதத்திலும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடும். நீங்கள் உத்திராடம் என்று எண்ணிய காலையில் கீழ்நோக்கான, அதாவது மண்ணுக்குள் விளைவதற்கு ஏற்றதென்னும் பூராடமே நின்றிருக்கக்கூடும்.

மூத்த விவசாயி:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன்; பழைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. மண்ணுக்குள் விளையும் முள்ளங்கியை மேல்நோக்கு நாளில் விதைத்ததே அடிப்படைப் பிழை. அதற்கு மூலமோ பூராடமோ பார்த்திருக்க வேண்டும்.

நாள்காட்டி:
ஐயா, ஐப்பசியில் அவ்விரண்டும் வளர்பிறையில் அல்லவா வருகின்றன? கிழங்குக்குத் தேய்பிறை என்பதும் நீங்கள் சொன்னதே. பிறை பெரிதா, நோக்கு பெரிதா?

மூத்த விவசாயி:
இரண்டும் சேரும் நாளைத் தேடத் தெரிய வேண்டும். ஐப்பசிப் பௌர்ணமி அசுவினியை ஒட்டி வருவதால், அடுத்து வரும் பரணியும் கார்த்திகையும் தேய்பிறையாகவும் கீழ்நோக்காகவும் அமையும்.

தேவகோட்டைத் தோட்டம்:
முள்ளங்கிக்கு அந்த நாளை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆச்சி கேட்டது கத்தரியைப் பற்றி. நாள் தவறியிருந்தால் முளைப்பே குறைந்திருக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். முளைத்த பிறகு அடித்தண்டு நைந்து சாய்வது நாற்றழுகல், அது மண்ணில் வாழும் பூஞ்சணத்தால் வருவது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் இம்மாதத்தில், நம் செம்மண் மேலே இறுகி நீர் வடியாமல் நின்றால், எத்தனை நல்ல நட்சத்திரத்தில் விதைத்தாலும் அந்நோய் பற்றும். அரை அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, விதையை நெருக்காமல் தூவுங்கள். மீதமுள்ள விதையில், கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில், நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள். இப்போது நிற்கும் நாற்றுகளுக்கு, லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சணக்கொல்லியைக் கரைத்து வேரடியில் ஊற்றலாம். மழை நீர் எங்கிருந்து பாத்திக்கு வருகிறது என்பதை அவசியம் பாருங்கள்.

கானாடுகாத்தான் கொல்லை:
விதைத்துப் பதினெட்டு நாளாயிற்று, தண்டு நைந்துதான் இருக்கிறது. பின்கட்டு ஓட்டுச் சாய்ப்பின் நீர் முழுவதும் அந்தப் பாத்தியில்தான் விழுகிறது. மழை நாளிலும் நான் இருவேளை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இன்று அதை நிறுத்திவிட்டு மருந்து ஊற்றினேன். முள்ளங்கியைத் தேய்பிறையில் வரும் கீழ்நோக்கு நாளொன்றில் வேறு பாத்தியில் விதைக்கிறேன்.

தேவகோட்டைத் தோட்டம்:
நல்லது, ஆச்சி. அந்தப் பாத்தியும் மேட்டுப்பாத்தியாகவே இருக்கட்டும்.