புதுப்பிப்பு: பொசிட்டானோவுக்கு சலேர்னோ வழியாகப் போய்வந்தோம்

ரோமிலிருந்து அப்பா அம்மாவோடு, இத்தாலியின் அமால்ஃபி கடலோரத்தில் உள்ள பொசிட்டானோ என்ற ஊருக்குப் போக எது நல்ல வழி என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னது நேப்பிள்ஸ், அங்கிருந்து சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் சொரெண்டோ, பிறகு பஸ். ஒருவர் மட்டும் சலேர்னோ என்ற துறைமுக நகரத்துக்குப் போய்ப் படகேறச் சொன்னார். அவர் பேச்சைத்தான் கேட்டோம்.

ரோம் - சலேர்னோ அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து கான்கோர்டியா சதுக்கத்துப் படகுத்துறைக்கு நடந்தே போகலாம். படகில் வழியிலுள்ள அமால்ஃபி ஊருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பொசிட்டானோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். மலைச்சரிவு முழுக்க வீடுகள் அடுக்கடுக்காக எழும்பி வருவதைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும்! வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை பஸ் அம்மாவுக்கு ஒத்தே வராது, அந்த நிம்மதி வேறு.

ஆனால் குளிர்காலத்தில் இந்தப் படகை நம்ப முடியாது. அலை அதிகமென்றால் சீசனிலும் ரத்துதான். அப்போது பஸ்ஸே கதி. பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கி வையுங்கள். பொசிட்டானோவில் இறங்கியதும் எல்லாம் ஏற்றமும் படிகளும், பெரிய பெட்டி வேண்டாம்.

எரிமலையில் புதைந்த பழைய நகரமான பொம்பெய்யையும் பார்க்க நினைப்பவர்களுக்கு நேப்பிள்ஸ் வழியே சரி. சிர்கும்வெசுவியானா ரயில் அந்த இடிபாடுகளின் வாசல் பக்கமே நிற்கும்.